எட்டுக் கோர், 16 ஜிபி நினைவகம், ஒரு பழைய கர்னல்

வாசகர் கேள்வி, 2025 பிப்ரவரி 8

ஒற்றைப்பலகைக் கணினி (ராஸ்பெரி பை போல ஒரே சுற்றுப்பலகையில் அடங்கும் சிறு கணினி) வாங்கப் பட்டியல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏறத்தாழ ஒரே விலையில் ஒன்றில் நான்கு கோர், 4 ஜிபி. மற்றொன்றில் எட்டுக் கோர், 16 ஜிபி, என்விஎம்இ (வேகமான சேமிப்பு வட்டு) செருகும் இடம் வேறு. இரண்டுக்கும் லினக்ஸ் இமேஜ் (கார்டில் அப்படியே எழுதி ஏற்றும் இயங்குதளக் கோப்பு) கிடைக்கிறது. ஆனால் யாரைக் கேட்டாலும் "சமூக ஆதரவு எதற்கு இருக்கிறது என்று பார்" என்கிறார்கள். அதிகம் விற்ற பலகைக்கு அதிகம் பேர் இருப்பார்கள்; அதற்குமேல் அந்தச் சொல்லில் சரக்கு எதுவும் இல்லை என்பது என் கருத்து. அளந்து பார்க்கக்கூடிய பொருள் ஏதேனும் அதற்கு இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 9

அளக்கலாம். ஆட்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளந்தால் மட்டும் எதுவும் தெரியாது. ஒரு பலகைக்காகச் செய்யப்பட்ட வேலை எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்: லினக்ஸின் மையமான கர்னலின் மூலநிரலுக்குள் சேர்ந்திருக்கிறதா, ஒரு தன்னார்வக் குழுவின் பேட்ச் (நிரல் திருத்தம்) தொகுப்பில் நிற்கிறதா, அல்லது தயாரிப்பாளர் ஒருமுறை கட்டி ஏற்றிவிட்டு மறந்துபோன ஓர் இமேஜுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறதா என்பதுதான் அளவுகோல்.

மேசைக் கணினியில் பழகியவர்களுக்கு இப்படி ஒரு கேள்வி எழுவதே விசித்திரமாகத் தோன்றும். அங்கே பிசிஐ, யுஎஸ்பி ஆகியவற்றில் செருகியிருக்கும் சாதனங்கள், கர்னல் கேட்டால் தாங்கள் யார் என்று பதில் சொல்லும். மீதியைக் கணினிக்குள் பதிந்திருக்கும் தொடக்க நிரலான ஃபர்ம்வேர் தன் அட்டவணைகளில் எழுதித் தந்துவிடும். அதனால் நேற்று வந்த மடிக்கணினியிலும் ஒரு பொது இமேஜ் பெரும்பாலும் எழுந்து நின்றுவிடுகிறது. இந்தப் பலகைகளில் உள்ள ஆர்ம் வகைச் சிப்புக்குள்ளும் அதைச் சுற்றியும் இருக்கும் ஐ2சி, எஸ்பிஐ, யூஆர்ட் இணைப்புகள், கடிகார மூலங்கள், மின்னழுத்தச் சீராக்கிகள் ஆகிய எவையும் தாமாக வாய் திறப்பதில்லை. எந்த முகவரியில் எது இருக்கிறது, ஈதர்நெட் சிப்புக்கு மின்சாரம் எந்தச் சீராக்கியிலிருந்து வருகிறது, அதன் ரீசெட் பின் சிப்பின் எந்த ஜிபிஐஓ முனையோடு இணைந்திருக்கிறது என்பவற்றையெல்லாம் யாராவது உட்கார்ந்து எழுதிக் கொடுத்தால்தான் கர்னலுக்குத் தெரியும். அப்படி எழுதப்படும் விவரணைதான் டிவைஸ் ட்ரீ.

இந்த ஏற்பாடு வருவதற்கு முன் பலகைக்கு ஒன்றாக சி நிரல் கோப்புகள் கர்னலுக்குள் குவிந்து கிடந்தன. அவற்றில் ஓயாமல் நடந்த மாற்றங்கள் ஒன்றோடொன்று மோதுவதைப் பார்த்துப் பொறுமையிழந்த, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், 2011 மார்ச்சில் ஆர்ம் பராமரிப்பாளர்களை அச்சிட முடியாத சொல்லைப் போட்டுக் கடிந்துகொண்டார். அதன் பிறகே டிவைஸ் ட்ரீக்கு மாறும் வேலை வேகம் பிடித்தது. 2012 டிசம்பரில் வெளிவந்த 3.7 பதிப்பிலிருந்து, ஒரே கர்னல் பல நிறுவனங்களின் ஆர்ம் சிப்புகளில் ஓடும் நிலை வந்தது.

ஆகவே "இதற்கு ஆதரவு உண்டா" என்ற ஒற்றைக் கேள்வியை நான் உடைத்துக் கேட்கிறேன். சிப்பின் டிரைவர்கள் மெயின்லைன் கர்னலில், அதாவது எல்லோருக்கும் பொதுவான அதிகாரபூர்வக் கர்னலில், உள்ளனவா? குறிப்பிட்ட இந்தப் பலகையின் டிவைஸ் ட்ரீ அங்கே உள்ளதா? கர்னலை ஏற்றும் பூட் நிரலான யூ-பூட்டுக்குள்ளும் பலகை சேர்ந்திருக்கிறதா? அடுத்த பதிப்பு வரும்போது இதே பலகையைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்றிப் பார்க்கப்போகிறவர் யார்? கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை.

பிப்ரவரி 9, இரவு

அதிகம் விற்றால் அதிகம் பேர் வருவார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் வேலை செய்தவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். முதல் ராஸ்பெரி பை 2012 பிப்ரவரி 29 அன்று வந்தபோது, அதன் பிசிஎம்2835 சிப்பில் இருந்தது ஆர்ம்வி6 வகைக் கோர். டெபியன் என்ற லினக்ஸ் பரவலின், மிதவைப்புள்ளிக் கணக்கை வன்பொருளிலேயே செய்யும் ஹார்டு-ஃப்ளோட் பதிப்போ ஆர்ம்வி7ஐக் குறைந்தபட்சத் தேவையாக வைத்திருந்தது. பலகையில் மிதவைப்புள்ளிக் கணக்குக்கான வன்பொருள் இருந்தும் அதைச் சரிவரப் பயன்படுத்தும் டெபியன் இல்லை. மைக் தாம்சன், பீட்டர் கிரீன் ஆகியோர் முன்னின்று, 35,000க்கும் மேற்பட்ட தொகுப்புகளை அந்தக் கோருக்கென்று மறுபடியும் கட்டி, அதே ஆண்டு ஜூனில் முதல் சுற்றை முடித்தார்கள். அதுதான் ராஸ்பியன். பலகை வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அதை உட்கார்ந்து கட்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பிப்ரவரி 13

"பழைய கர்னலாக இருந்தால் என்ன, ஓடுகிறதல்லவா" என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இருக்கும் இரண்டு பலகைகளை வைத்தே பதில் சொல்கிறேன்.

பழையது ஆல்வின்னர் எச்3 சிப்பு கொண்டது. நான்கு கார்டெக்ஸ்-ஏ7 கோர், 1 ஜிபி நினைவகம். அந்தச் சிப்பு கொண்ட பலகைகள் 2015 வாக்கில் பரவத் தொடங்கியபோது அவற்றுடன் வந்தது 3.4 கர்னல், அதாவது 2012இல் வெளியான பதிப்பு. 2016இல் அந்தக் கர்னலுக்குள் ஒரு பின்வாசல் அகப்பட்டது. ப்ராக் கோப்பகத்தின் கீழுள்ள ஒரு கோப்பில் குறிப்பிட்ட ஒரு சொல்லை எழுதினால் போதும், எழுதிய நிரலுக்கு ரூட் (கணினியின் முழு) அதிகாரம் கிடைத்துவிடும். சோதனைக் காலத்து மிச்சம்போல் தோன்றிய சில வரிகள், அப்படியே விற்பனைக்கு வந்துவிட்டிருந்தன. அதை வெளியே கொண்டுவந்தவர்கள், அந்த நிரலை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்த தன்னார்வலர்கள்.

அதே வகையைச் சேர்ந்தவர்கள்தான், லினக்ஸ்-சன்க்ஸி என்ற பெயரில் கூடி, ஆல்வின்னர் சிப்புகளுக்கான டிரைவர்களை மெயின்லைனுக்கு ஏற்ற வடிவில் புதிதாக எழுதினார்கள். விரைவாக நடந்த வேலை என்று சொல்ல முடியாது. எச்3இன் ஈதர்நெட் டிரைவர் 4.13இல் உள்ளே வந்து, டிவைஸ் ட்ரீ விவரணையை எப்படி எழுதுவது என்ற கருத்து வேறுபாட்டால் பின்வாங்கி, 2018 ஜனவரியில் வந்த 4.15இல்தான் நிலைபெற்றது. அதே ஆண்டில் பூட்லின் நிறுவனம் பொதுமக்களிடம் நிதி திரட்டி, காணொளி டீகோடர் டிரைவரை எழுதியது. மாலி-400 வரைகலைக்கான லிமா டிரைவர் 2019 ஜூலையில் 5.2 பதிப்போடு வந்தது. இன்று என் பலகையில் 6.12 ஓடுகிறது. வாங்கிய நாளில் செய்யாத சிலவற்றை அது இப்போது செய்கிறது; வன்பொருளில் ஒரு திருகைக்கூட நான் மாற்றவில்லை.

மற்றது அதற்குப் பின் வாங்கியது, காகிதத்தில் பல மடங்கு வேகமானது. தயாரிப்பாளரின் பெயர் வேண்டாம். 4.9 கர்னலோடு வந்தது. வயர்கார்டு என்ற விபிஎன் நிரலை நிறுவ எண்ணினேன். அது 2020இல் 5.6 கர்னலோடு சேர்ந்தது என்றாலும், பழைய கர்னல்களுக்குத் தனி மாட்யூலாகக் கட்டிக்கொள்ள வழி இருந்தது. கட்டுவதற்கு அந்தக் கர்னலின் ஹெடர் கோப்புகள் வேண்டும். இமேஜில் அவை இல்லை. வெளியிடப்பட்டிருந்த மூலநிரல், இமேஜில் ஓடிய கர்னலோடு ஒத்துப்போகவில்லை. மூலநிரலைத் தரக் கோரும் ஜிபிஎல் உரிமத்தைச் சுட்டிக்காட்டி மடல் எழுதினேன். வேறொரு பலகைக்கான பதிவிறக்கச் சுட்டி பதிலாக வந்தது. கர்னல் நிலைக்கு வெளியே இயங்கும் வயர்கார்டு வடிவத்தைப் போட்டுச் சமாளித்தேன். அந்தப் பலகையின் எட்டுக் கோர்களின் வேகம் அதற்குள் கரைந்துபோனது. 2023 ஜனவரியில் 4.9 வரிசைக்கான பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிட்டன. அந்தப் பலகை இன்றும் "ஓடுகிறது". வெளி இணையத்தின் பக்கம் அதை நான் திருப்புவதில்லை.

பிப்ரவரி 16

"அப்படியானால் மெயின்லைனில் இல்லாத எதையும் வாங்கக் கூடாது" என்று ஒருவர் முடிவுகட்டியிருக்கிறார். அது என் கருத்துக்கு மேல் ஏறி நிற்கும் முடிவு.

நீங்கள் பார்த்த எட்டுக் கோர் பலகை ராக்சிப் ஆர்கே3588 சிப்பாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். இந்தக் குறிப்புகளுக்கு அதுதான் நல்ல எடுத்துக்காட்டு. அந்தச் சிப்பு கொண்ட பலகைகள் 2022இல் வரத் தொடங்கின. தயாரிப்பாளர் தந்தது முதலில் 5.10 கர்னல், பிறகு 6.1. மெயின்லைனில் கொலாபரா நிறுவனமும் பல தன்னார்வலர்களும் ஒவ்வொன்றாகச் சேர்த்துவருகிறார்கள். மாலி-ஜி610 வரைகலைக்கான பான்தர் டிரைவர் 2024 ஜூலையில் 6.10 பதிப்போடு வந்தது. எச்டிஎம்ஐ வெளியீடு 6.13இல், அதாவது 2025 ஜனவரியில்தான், உள்ளே வந்தது. திரையில் படம் தெரிவதற்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது என்பதைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். ஆனால் வலைப்பின்னலும் சேமிப்பகமும் வெகு முன்னரே வேலை செய்தன. திரையே இல்லாத சேவையகமாக வைத்திருந்தவர்களுக்கு எச்டிஎம்ஐ இல்லாதது ஒரு குறையாகவே படவில்லை.

ஆகவே கேள்வி பலகையைப் பற்றியது மட்டுமில்லை. அதைக் கொண்டு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பற்றியதும்கூட. கோப்புச் சேவையகம், வலைப்பின்னல் கருவி, உணரிகளிலிருந்து தரவு திரட்டுதல் போன்றவற்றுக்கு மெயின்லைன் பெரும்பாலும் போதும். கேமரா, காணொளி என்கோடிங், என்பியூ (செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கான பகுதி) ஆகியவை வேண்டுமென்றால், 2025 பிப்ரவரி நிலவரப்படி தயாரிப்பாளரின் கர்னலைத் தவிர்ப்பது கடினம். அந்த நிலையில் வாங்குபவர் கேட்க வேண்டியது, அந்தக் கர்னல், திருத்தங்கள் நீண்டகாலம் வரும் எந்த வரிசையைச் சேர்ந்தது, அந்த வரிசை எப்போது முடிகிறது என்பது. 5.10க்கு 2026 டிசம்பர், 6.1க்கு 2027 டிசம்பர் என்று கர்னல் தளத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் கர்னல் வரிசை உயிரோடு இருப்பதும், அதன் திருத்தங்களைத் தயாரிப்பாளர் எடுத்துச் சேர்ப்பதும் வெவ்வேறு. பின்னது நடக்கிறதா என்பதை அவர்களுடைய கிட் களஞ்சியத்தில் (மூலநிரலை வைத்திருக்கும் இடம்) கடைசிக் கமிட் (மாற்றப் பதிவு) தேதி சொல்லும். களஞ்சியமே இல்லை, ஒரு கிளவுட் டிரைவில் சுருக்கிய கோப்பு மட்டும் இருக்கிறது, கோப்பு சிதையவில்லை என்று சரிபார்க்கும் செக்சம்கூட அதற்கு இல்லை என்றால், அதுவும் ஒரு பதில்தான்.

பிப்ரவரி 22

இடையில் ஒன்று. ஆதரவு கேட்டு வருகிற சிக்கல்களில் கணிசமானவை லினக்ஸ் சிக்கல்களே இல்லை. கேபிள்.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். மலிவான சார்ஜர் கேபிள்களில் 28 கேஜ் கம்பி (எண் கூடினால் கம்பி மெலியும்) சாதாரணம். அதன் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் ஒரு மீட்டர் கேபிளில் 0.42 ஓமுக்குச் சற்று மேல். பலகை 1 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 0.4 வோல்ட்டுக்கு மேல் போய்விடும்; 5 வோல்ட்டில் புறப்பட்டது 4.6க்குக் கீழே வந்து சேரும். ராஸ்பெரி பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலே எச்சரிக்கும். 20 கேஜ் கம்பியில் இதே இழப்பு 0.07 வோல்ட்தான். அவர்களுடைய அடாப்டர்கள் 5 என்றில்லாமல் 5.1 வோல்ட் தருவதற்கும் கேபிளில் போகும் இந்த இழப்பை ஈடுகட்டுவதே காரணம். ராஸ்பெரி பை 5 ஒரு படி மேலே போய், 5 ஆம்பியர் தரும் அடாப்டர் இல்லையென்று கண்டால் யுஎஸ்பி சாதனங்களுக்கான மொத்த மின்னோட்டத்தை 600 மில்லியாம்பியருக்குள் கட்டுப்படுத்திவிடுகிறது. வெளி வட்டைச் செருகியவுடன் அது காணாமல் போகிறது என்று எழுதுகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

ராஸ்பெரி பை பலகைகளில், மின்னழுத்தம் குறைந்த இந்த வரலாற்றைக் காட்டும் கட்டளை ஒன்று உண்டு. விடை 50005 என்ற பதினாறடிமான எண்ணாக வந்தால் மின்னழுத்தம் இப்போதே குறைவாக இருக்கிறது, வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. 50000 என்றால் பூட் ஆனதற்குப் பின் எப்போதோ அப்படி நடந்தது. பிற பலகைகள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. அங்கே மின்குறைபாடு வேறு வேடங்களில் வரும்: கோப்பு முறைமை சிதைவு, யுஎஸ்பி துண்டிப்பு, காரணமே தெரியாத மறுதொடக்கம்.

எஸ்டி கார்டும் இதே கதைதான். புதிய கார்டை எஃப்3 கருவியால் முழுவதும் எழுதிப் படித்துப் பார்க்காமல் நான் எந்தப் பலகையிலும் செருகுவதில்லை. அட்டையில் அச்சிட்ட கொள்ளளவு உள்ளே இல்லாத கார்டுகள் இன்னும் சந்தையில் இருக்கின்றன.

பிப்ரவரி 23

இல்லை, இரண்டு மீட்டர் கேபிளை மடித்து வைத்தால் தடை பாதியாகாது.

மார்ச் 2

"பூட் ஆகவில்லை, உதவுங்கள்" என்று மட்டும் எழுதினால், பதில் சொல்ல விரும்புகிறவர்களும் சொல்ல முடியாது. திரை கருப்பாக இருக்கிறது என்பது தகவலே இல்லை. பூட்டின் எந்தக் கட்டத்திலும் திரை கருப்பாக இருக்கலாம். சிப்புக்குள் இருக்கும் பூட் ரோம் (மாற்ற முடியாத முதல் நிரல்), எஸ்டி கார்டின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் முதற்கட்ட லோடரைத் தேடுகிறது. ஆல்வின்னருக்கு அது 8 கிலோபைட், ராக்சிப்புக்கு 32 கிலோபைட் தள்ளி இருக்க வேண்டும். அந்த லோடர் நினைவகத்தை எழுப்புகிறது. பிறகு யூ-பூட். பிறகு கர்னலும் டிவைஸ் ட்ரீயும். எச்டிஎம்ஐ உயிர்பெறுவது பல நேரங்களில் இவற்றுக்கெல்லாம் பின்னர்.

இந்த இருட்டில் இருக்கும் ஒரே விளக்கு, பூட் செய்திகளை எழுத்தாக அனுப்பும் சீரியல் கன்சோல். யுஎஸ்பி-சீரியல் மாற்றி ஒன்று வாங்குங்கள். பலகை வாங்கும்போதே வாங்குங்கள். மூன்று கம்பிகள் போதும்: கிரவுண்ட், அனுப்பும் முனை, பெறும் முனை, பின்னிரண்டும் குறுக்காக மாற்றி இணைய வேண்டும். சமிக்ஞை 3.3 வோல்ட்டாக இருப்பதை உறுதிசெய்யுங்கள். மாற்றியிலிருந்து வரும் 5 வோல்ட் கம்பியைப் பலகையில் தொடவே வேண்டாம். பெரும்பாலான பலகைகள் 115200 பாட் வேகத்தில் பேசுகின்றன. ராக்சிப் பலகைகள் வழக்கமாக 1500000இல் பேசுகின்றன, அதனால்தான் புதியவர்கள் பலர் குப்பை எழுத்துகளைப் பார்த்துவிட்டுப் பலகை பழுது என்று எண்ணிவிடுகிறார்கள். சிபி2102 மாற்றி அந்த வேகத்தை எட்டாது. எஃப்டி232, சிஎச்340 ஆகியவை எட்டும்.

லாகை (அந்தக் கன்சோலில் வரும் செய்திப் பதிவை) தரும்போது முதல் வரியிலிருந்து தாருங்கள். தவறு எங்கே என்று உங்களுக்குத் தோன்றுகிற இடத்தை மட்டும் வெட்டித் தந்தால், அது எந்தக் கர்னல், எந்த யூ-பூட், எவ்வளவு நினைவகம் கண்டறியப்பட்டது என்ற முக்கியமான வரிகள் வெட்டுப்பட்டுவிடும். ஒளிப்படமாகத் தராதீர்கள். வளைந்த திரையைக் கைபேசியில் எடுத்த படத்திலிருந்து ஒரு நினைவக முகவரியை வாசித்துச் சொல்வது என்னால் ஆகாது.

மார்ச் 3

மாற்றியைப் பற்றி ஒரு சிறு திருத்தம், வாசகர் ஒருவர் காட்டியது. சிபி2102 என்று மொட்டையாகச் சொன்னது போதாது. பழைய சிபி2102 1000000 பாட் வேகத்தோடு நின்றுவிடும். சிபி2102என் என்ற பிந்திய சிப்பு 3000000 வரை போகும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

மார்ச் 19

பிப்ரவரி 9 அன்று கூட்டத்தைச் சற்று அலட்சியமாகப் பேசிவிட்டேனோ என்று பிறகு தோன்றியது. ஆயிரம் பேர் ஒரே பலகையை ஆயிரம் விதமான வட்டு, அடாப்டர், திரையோடு பயன்படுத்துவதால்தான், இந்த வட்டுப் பெட்டியின் சிப்போடு யுஏஎஸ் என்ற வேகமான யுஎஸ்பி தரவுப் பரிமாற்ற முறை ஒத்துப்போகாது, யுஎஸ்பி 3 கேபிளின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மூழ்கடிக்கும் என்பன போன்ற செய்திகள் நமக்குத் தெரிய வருகின்றன. ஒரு பராமரிப்பாளரின் மேசையில் இவ்வளவும் இருக்க முடியாது. கூட்டம் டிரைவர் எழுதாது. எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்துக் கொடுக்கும்.

அதற்கு ஒரு விலையும் உண்டு. கூட்டம் பெரிதானால் பழைய பதில்களும் மலையாகக் குவிகின்றன. ராஸ்பெரி பைக்கு இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் எத்தனை இன்று செல்லும் என்று பாருங்கள். 2022 ஏப்ரலில் இயல்பான பை என்ற பயனர்கணக்கு நீக்கப்பட்டது. 2023இல் அதன் இயங்குதளத்தின் புக்வார்ம் பதிப்பு வந்தபோது வலைப்பின்னல் பொறுப்பு டிஹெச்சிபிசிடியிடமிருந்து நெட்வொர்க்மேனேஜருக்கு மாறியது. பூட் பகிர்வு ஏற்றப்படும் கோப்பகம் ஒரு படி உள்ளே போனது. வைஃபை கடவுச்சொல்லை ஒரு கோப்பில் எழுதிப் பூட் பகிர்வில் போட்டுவைக்கும் பழைய உத்தி செத்துப்போனது. பை 5இல் ஜிபிஐஓ, ஆர்பி1 என்ற தனிச் சிப்புக்குள் போய்விட்டதால், பழைய சிப்பின் பதிவேடுகளை நேரே தொட்டு வேலை செய்த ஆர்பிஐ.ஜிபிஐஓ நூலகம் அங்கே ஓடாது. இவ்வளவும் நியாயமான மாற்றங்கள். ஆனால் தேடுபொறியில் முதலில் வருவது இன்னமும் 2016இல் எழுதிய வழிகாட்டி. அதன்படி செய்துவிட்டு, "லினக்ஸ் சரியில்லை" என்று எழுதுகிறார்கள்.

சிறிய சமூகங்களில் இந்தத் தொல்லை குறைவு. பதிலே இல்லாத இடத்தில் பழைய பதில் எப்படி இருக்கும்!

பதில் எழுதுகிறவர்கள் ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளலாம்: கட்டளையைச் சொல்வதற்கு முன் எந்தப் பதிப்பில் சோதித்தது என்று ஒரு வரி. நான் இங்கே எழுதியவற்றை 2027இல் யாராவது படித்தால் தேதியைப் பார்த்துப் படியுங்கள்.

ஏப்ரல் 6

"ஆர்ம்பியன் தளத்தில் என் பலகையின் பெயர் இருக்கிறது, ஆகவே ஆதரவு இருக்கிறது" என்று ஒரு வாதம். ஆர்ம்பியன் என்பது ஆர்ம் பலகைகளுக்கு லினக்ஸ் இமேஜ்கள் கட்டித் தரும் குழு. பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் வகையையும் சேர்த்துப் படியுங்கள். தங்களைப் பராமரிப்பாளராகப் பதிந்துகொண்ட ஒருவர் இருக்கும் பலகைகள் ஒரு வகை. அப்படி ஒருவர் இல்லாதவை சமூகப் பராமரிப்பு என்ற வகைக்குள் வைக்கப்படுகின்றன. அவற்றின் இமேஜ்களைக் கட்டமைப்பு இயந்திரம் தானாகவே கட்டும். அவை கட்டப்பட்டவை, ஏற்றிப் பார்க்கப்பட்டவை என்று சொல்வதற்கில்லை. சிலர் இதைக் குழுவின் அலட்சியம் என்கிறார்கள். எனக்கு அது நேர்மையாகவே படுகிறது. தொகுப்புப் பிழை இல்லாமல் கர்னல் உருவாவதும், அது உங்கள் பலகையில் வைஃபையை எழுப்புவதும் வேறு வேறு.

இதை நானே அண்மையில் பார்த்தேன். ஒரு பலகையின் புதிய திருத்த வடிவத்தில் தயாரிப்பாளர் வைஃபை சிப்பைச் சத்தமில்லாமல் மாற்றியிருந்தார். பெட்டியில் அதே பெயர், அதே மாதிரி எண். பலகையின் ஓரத்தில் அச்சிட்ட பதிப்பு எண்ணில் மட்டும் வேறுபாடு. மெயின்லைன் டிவைஸ் ட்ரீ பழைய சிப்பைத்தான் விவரித்தது. புதிதாக வாங்கியவர்கள் வைஃபை இல்லை என்கிறார்கள், பழையவர்கள் எங்களுக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார்கள். இரு தரப்பும் உண்மையே பேசுவதால் சண்டை வளர்ந்துகொண்டே போனது. பலகையின் ஒளிப்படத்தை ஒருவர் போட்ட பிறகே காரணம் விளங்கியது.

முதலில், அவசரத்துக்காக, டிவைஸ் ட்ரீயின் மேல் போடும் சிறு திருத்தமான ஓர் ஓவர்லே எழுதி இங்கே கொடுத்தேன். பலர் அதைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகிவிட்டார்கள். அங்கேயே நிறுத்தியிருந்தால், அடுத்து வாங்குகிறவர் இந்த ஓவர்லேயைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நான் ஒதுங்கிவிட்டால் அதுவும் என்னோடு போய்விடும். ஆகவே புதிய வடிவத்துக்கென்று தனி டிவைஸ் ட்ரீ கோப்பாக எழுதி மெயின்லைனுக்கு அனுப்பினேன்.

அந்த வழியைப் பற்றி அச்சம் தேவையில்லை, பொறுமை தேவை. பேட்ச் எந்த மடலாடற்குழுவுக்கு, எந்தப் பராமரிப்பாளருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஸ்கிரிப்ட் கர்னல் மூலநிரலிலேயே இருக்கிறது. விவரணை இலக்கணத்தைச் சரிபார்க்கும் கருவியும் அங்கேயே உண்டு. மடல் எளிய உரையாகப் போக வேண்டும். இணைப்பாக அனுப்பினால் பெரும்பாலும் படிக்கவே மாட்டார்கள். எனக்கு வந்த மறுமொழிகள் வறண்டவையாக, சில நேரம் ஒரே சொல்லாக இருந்தன. நோடுகளின் (விவரணையின் உறுப்புகளின்) பெயரிடல், பண்புகளின் வரிசை என்று நுணுக்கி நுணுக்கிக் கேட்டார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தால், அதே கண்டிப்பினால்தான் எச்3 பலகை இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் புதிய கர்னலில் எழுந்து நிற்கிறது.

உங்களிடம் அந்தப் புதிய வடிவம் இருந்தால், பேட்சைப் போட்டுக் கட்டி, ஏற்றிப் பார்த்துவிட்டு, சோதித்தவர் என்று உங்கள் பெயரோடு ஒரு வரியை அந்த மடலுக்கு மறுமொழியாக அனுப்புங்கள். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பராமரிப்பாளரிடம் அந்தப் பலகை இல்லை, உங்களிடம் இருக்கிறது.

ஏப்ரல் 7

புதிய வடிவத்துக்குத் தனி டிவைஸ் ட்ரீ கோப்பு வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில்: ஆம், தனிக் கோப்பாகத்தான் இருக்க வேண்டும். எந்த வடிவம் என்று பலகை தானாகச் சொல்லும் வழி எதையும் இதில் வைக்கவில்லை. சில தயாரிப்பாளர்கள் இதற்கென ஒரு சிறிய ஈப்ராம் நினைவுச் சிப்பில் பலகையின் அடையாளத்தை எழுதிவைக்கிறார்கள். பீகிள்போன் அப்படித்தான் செய்கிறது. அதை யூ-பூட் படித்துப் பொருத்தமான கோப்பைத் தேர்ந்தெடுக்கும். இதில் நாம்தான் பலகையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

இதே தயாரிப்பாளரின் இன்னொரு பெருந்தன்மை: ஒரே இமேஜை ஏற்றிய பலகைகளுக்கெல்லாம் ஒரே மேக் முகவரி (வலைப்பின்னலில் சாதனத்துக்குச் சாதனம் வேறுபட வேண்டிய எண்). இரண்டு பலகைகளை ஒரே சுவிட்சில் செருகிவிட்டு, வலைப்பின்னலுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று நம்பியவர் ஒருவர் இங்கே உண்டு. அவர் அனுமதித்தால் பெயரைச் சொல்வேன்.

ஏப்ரல் 20

மேசைக் கணினிகளில் இருக்கும் யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் இந்தப் பலகைகளுக்கும் வந்துவிட்டால் இந்தத் தலைவலி எல்லாம் தீருமா என்று கேட்டிருக்கிறார்கள். ஆர்கே3588 பலகைகள் பலவற்றுக்குத் தன்னார்வலர்கள் இடிகே2 என்ற திறமூலத் திட்டத்தின் அடிப்படையிலான அத்தகைய ஃபர்ம்வேரைக் கொண்டுவந்திருக்கிறார்கள்; எஸ்பிஐ ஃபிளாஷில் அதை எழுதிவிட்டால், பொதுவான ஆர்ம்64 நிறுவி வட்டைச் செருகி, மேசைக் கணினியைப்போலவே டெபியனையோ ஃபெடோராவையோ நிறுவலாம். பலகைக்கென்று தனி இமேஜ் தேட வேண்டிய தேவை அங்கே மறைகிறது. அது பெரிய நிம்மதி. ஆனால் ஃபர்ம்வேர், பூட் ஆகும் வழியை மட்டுமே பொதுவாக்குகிறது. என்கோடருக்கு டிரைவர் இல்லையென்றால், யுஇஎஃப்ஐயின் அழகான பட்டியலைத் தாண்டி உள்ளே போன பிறகும் என்கோடர் இல்லைதான். எழுதுவதற்கு முன் எஸ்பிஐ ஃபிளாஷில் இருப்பதை ஒரு படி எடுத்துவையுங்கள். கெட்டுப்போனாலும், சிப்பின் பூட் ரோம் நேரடியாகப் பேசும் மாஸ்க்ரோம் பயன்முறையில் யுஎஸ்பி வழியாக மீட்கலாம். அந்தப் பயன்முறைக்கான பட்டன் உங்கள் பலகையில் எங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது, சிலவற்றில் பட்டனே இருக்காது, இரண்டு புள்ளிகளை இடுக்கியால் தொட வேண்டியிருக்கும்.

மே 30

வைஃபை சிப்பு மாறிய பலகைக்கான கோப்பை, அந்தச் சிப்புக் குடும்பத்தின் பராமரிப்பாளர் தம் கிளையில் எடுத்துக்கொண்டார். சோதித்துப் பெயர் அனுப்பியவர்களுக்கு நன்றி; இரண்டு பேர் அனுப்பியது போதுமானதாக இருந்தது. புதிய மாற்றங்களைக் கர்னலில் சேர்க்கும் அடுத்த மெர்ஜ் காலத்தில் உள்ளே போய், ஏழெட்டு வாரச் சோதனைப் பதிப்புகளுக்குப் பின் வெளியீட்டில் கிடைக்கும். என் ஓவர்லேயைப் போட்டவர்கள், அந்தக் கர்னலுக்கு மாறும்போது பூட் கட்டமைப்பில் புதிய கோப்பின் பெயரைக் கொடுத்து, ஓவர்லே வரியை நீக்கிவிடுங்கள். இரண்டையும் விட்டுவைத்தால் ஒரே ரீசெட் பின்னை இரண்டு நோடுகள் கேட்கும். பின்னால் கேட்பதற்கு அது கிடைக்காது, வைஃபை மறுபடியும் காணாமல் போகும்.